சில்லறையில் ஒரு பிறை

கேள்வி: கீரை வாங்கிய சில்லறையில் 2014-ஆம் ஆண்டு இரண்டு ரூபாய் காசு ஒன்று வந்தது. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு. யாராவது அறுத்ததா, நாணயச்சாலையில் நேர்ந்த பிழையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வெட்டை விடுங்கள் அம்மா, அதற்கு நேர் எதிர் ஓரத்தைப் பாருங்கள். காசாக அடிக்க வேண்டிய வட்ட வில்லைகளைத் தகட்டிலிருந்து துளைத்து எடுப்பார்கள். தகடு சரியாக நகராவிட்டால், முன்பு துளைத்த ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டும் விழும். ஓட்டையின் வளைவுதான் உங்கள் பிறை. விளிம்பை எழுப்ப உருட்டுவது அதற்குப் பிறகு. ஒரு பக்கம் உலோகம் இல்லையென்றால் எதிர்ப்பக்கம் அழுத்தம் கிடைக்காது. அங்கே விளிம்பு மழுங்கியிருக்கும். வெட்டை ஒட்டிய எழுத்துகளும் கொஞ்சம் இழுபட்டு மங்கலாகத் தெரியும். அரத்தால் ராவிய காசில் எதிர் விளிம்பு கச்சிதமாக நிற்கும், எழுத்து கத்தரித்த மாதிரி முடியும். எடையை மட்டும் நம்பாதீர்கள். 4.85 கிராம் இருக்க வேண்டிய காசு, ராவினாலும்தான் குறையும்.

எதிர்ப்பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு 300 ரூபாய் கொடுத்து வந்தது. கண்டக்டராக இருந்தபோது, சந்தையில் ஒருவர் சிங்கத்தலை கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிக் குழிந்திருந்த காசைக் காட்டினார். முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிந்தால் இப்படி வரும். ஆசையில் வாங்கிவிட்டேன். டிப்போ விளக்கில் திருப்பினால் மறுபக்கம் நசுங்கித் தட்டையாகக் கிடக்கிறது. குழிவுக்கு அடியிலும் பழைய எழுத்தின் நிழல்! இரண்டு காசைப் பட்டறை வைஸில் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். அந்தக் காசு இன்னும் என் டிக்கெட் பையில்தான் இருக்கிறது.

கேள்வி: வீட்டிலுள்ள இருபது ஒரு ரூபாய் காசுகளையும் புரட்டினேன். எல்லாவற்றிலும் பின்பக்கம் தலைகீழாக இருக்கிறது. எல்லாமே பிழையா?
– வாசகர், தேனி

பதில்: காசு சரி, புரட்டியதுதான் பிழை! அமெரிக்க வீடியோ பார்த்தீர்களோ? அவர்கள் காசை மேலிருந்து கீழாகப் புரட்ட வேண்டும். நம்முடையதைப் புத்தகப் பக்கம்போல் இடவலமாகத் திருப்புங்கள். இரண்டு பக்கமும் நேராக நிற்கும். அச்சு தளர்ந்தால் நாலைந்து டிகிரி சாய்வது சகஜம், அதற்கு மதிப்பில்லை. கால் சுற்று, அரைச் சுற்று திரும்பியிருந்தால் எடுத்து வையுங்கள்.

கேள்வி: வைஷ்ணவ தேவி படம் போட்ட பத்து ரூபாய் காசுக்குப் பத்து லட்சம் தருவதாகப் போன் வந்தது. முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

பதில்: கட்டாதீர்கள். அது பிழைக் காசே அல்ல, 2012 என்று ஆண்டு பொறித்துப் புழக்கத்துக்கு விட்ட நினைவு நாணயம். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கமிஷன், வரி என்று கேட்பவர்களை நம்ப வேண்டாமென்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அந்தக் காசுக்கு ஒரு டீ குடியுங்கள், கடைக்காரர் பத்து ரூபாய் காசை வாங்கிக்கொண்டால்.