ஸ்டீராய்டு களிம்பு வேலை செய்கிறதா? கண்ணை நம்பாதீர்கள், விரலால் தடவிப் பாருங்கள்

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வயது 41. இரண்டு கணுக்காலிலும் வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்குத் தோல் தடித்துக் கறுத்திருக்கிறது. ஒரு வருடமாக அரிப்பு. தஞ்சாவூரில் தோல் டாக்டர் கரப்பான் என்று சொல்லி, ராத்திரி மட்டும் தடவ க்ளோபெட்டசால் ஆயின்ட்மென்ட் 15 கிராம் டியூப் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் ஆகிறது. மூன்றாம் நாளே அரிப்பு குறைந்துவிட்டது. கறுப்பு அப்படியே இருக்கிறது. 'ஸ்டீராய்டு தோலைக் கெடுத்துவிடும்' என்று நாத்தனார் பயமுறுத்துவதால் தொட்டும் தொடாமலும்தான் வைக்கிறேன். டியூப் இன்னும் புதிதுபோலவே இருக்கிறது. மெடிக்கலில் கேட்டால், 'இதுக்குப் பவர் பத்தாது' என்று வேறு டியூப் தந்திருக்கிறார்கள். சாயங்காலமானால் கால் கனக்கிறது. மருந்து வேலை செய்கிறதா, மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். மெடிக்கலில் கொடுத்த டியூபைத் திறக்காமல் எடுத்து வையுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது. ஆனால் முழுதாக வேலை செய்யும் அளவுக்கு அதை நீங்கள் போடவே இல்லை.

முதலில் கறுப்பைப் பார்ப்பதை நிறுத்துங்கள். கரப்பான் ஆறுவதற்கு ஒரு வரிசை உண்டு. அரிப்பு சில நாட்களில் அடங்கும். அப்புறம் செதிலும் சொரசொரப்பும் போகும். தடிப்பு இறங்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வருடக்கணக்காகச் சொறிந்த இடம் என்றால் இன்னும் கூட ஆகலாம். நிறம்தான் கடைசி. நம் ஊர்த் தோலில் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் கிடக்கும், அதைப் போக்குவது க்ளோபெட்டசாலின் வேலையும் இல்லை. நோய் ஆறிப்போன இடத்தில் கறுப்புக்காகவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தடவித் தோலைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். செல்போனில் படம் எடுத்து ஒப்பிடுவதும் உதவாது. வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறத்தை மாற்றிக் காட்டும்.

விரலால் பாருங்கள். குளித்துத் துடைத்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, நல்ல தோலிலிருந்து நோய்ப்பட்ட இடத்துக்கு விரலை மெதுவாக நகர்த்துங்கள். எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரிகிறதா? வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். அந்த விளிம்பு மங்கிக்கொண்டே வந்தால் மருந்து வேலை செய்கிறது. தோலைக் கிள்ளி மடித்துப் பாருங்கள், மடிப்பு மெலிந்து வருகிறதா என்று. இன்னொன்று, தூக்கம். ராத்திரி சொறிந்துகொண்டே எழுவது நின்றதா, காலையில் புதுக் கீறல் இருக்கிறதா? இவ்வளவுதான்.

அடுத்தது அளவு. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'டியூப் புதிதுபோலவே இருக்கிறது' என்ற வரிதான். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது சரியாக இருக்கும். உங்கள் இரண்டு கணுக்காலுக்கும் சேர்த்து ராத்திரிக்கு ஒரு கோடு. பத்து நாளில் 5 கிராம், அதாவது டியூபில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஆகவே பழைய பத்து நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள். இன்று ராத்திரி முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

இதை டாக்டர் காட்டித் தந்திருக்க வேண்டும். எங்கே காட்டுவது? விடிகாலை பஸ் பிடித்து வந்து, சீட்டுப் போட்டு, மதியம் வரை வரிசையில் நின்றால் உள்ளே கிடைப்பது இரண்டு நிமிடம். சீட்டில் 'தடவவும்' என்று ஒரு வார்த்தை. எவ்வளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது, ஒன்றும் கிடையாது. அப்புறம் நோயாளி மருந்தைச் சரியாகப் போடவில்லை என்று நாங்களே குறைப்பட்டுக்கொள்வோம்.

உங்கள் நாத்தனார் சொல்வதில் பொய் இல்லை. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து பளபளக்கும், சுருங்கும், மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். முகத்திலும் தொடை இடுக்கிலும் இது சீக்கிரமே நடக்கும், ஆகவே இந்த டியூபை அங்கெல்லாம் கொண்டுபோகாதீர்கள். குழந்தைகளுக்கும் தடவாதீர்கள். கணுக்காலில் இரண்டு வாரத்துக்கு 7 கிராம் என்பது பயப்படும் அளவே இல்லை. அரிப்பு நின்ற அன்றே நிறுத்தவும் கூடாது. விரலுக்கு விளிம்பு தெரியாமல் போகும் வரை போடுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்ட வேண்டியிருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான். பகலில் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகப் பூசுங்கள். வயலிலிருந்து வந்ததும் சேற்றைக் கழுவ வெறும் தண்ணீர் போதும், துணி சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள்.

இப்போது அந்த இரண்டாவது டியூப். க்ளோபெட்டசால் ஸ்டீராய்டு களிம்புகளிலேயே மிக வலுவான வகையைச் சேர்ந்தது. அதற்கு மேல் பவருக்கு எங்கே போவது? கொடுத்தவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தே கொடுத்திருக்கிறார். பெட்டியின் பக்கவாட்டில் சேர்மானத்தைப் படியுங்கள். ஒரு ஸ்டீராய்டு, ஒரு பாக்டீரியா மருந்து, ஒரு பூஞ்சை மருந்து என்று மூன்று நான்கு பெயர் இருந்தால் அது கலவைக் களிம்பு. என்ன நோய் என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கொடுப்பதற்கு வசதியான சரக்கு. ஒரே கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஆங்கில எழுத்தையும் கவனியுங்கள். 'எஸ்' என்றால் பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம், 'என்' என்றால் நியோமைசின், 'ஜிஎம்' என்றால் ஜென்டாமைசினும் மைகோனசோலும். 'எல்லாம் ஒரே மருந்துதாம்மா' என்பார்கள். இல்லை. நியோமைசின் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பி, ஆறவேண்டிய கரப்பானையே பெரிதாக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து படர்தாமரை. ஸ்டீராய்டு எந்த அரிப்பையும் அடக்கும், பூஞ்சையால் வந்ததையும்கூட. இரண்டு நாளில் சிவப்பு மங்கும், ஆள் நிம்மதியாகத் தூங்குவார். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளரும். நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகத் திரும்பி வரும், மறுபடி அதே டியூப். பாவாடை நாடா கட்டும் இடம், தொடை இடுக்கு, விளிம்பு மட்டும் மேடாக வளையம் வளையமாகப் பரவுவது, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு அரிப்பு என்றால் முதலில் பூஞ்சையைச் சந்தேகியுங்கள். தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அரைமணிக்குள் தெரிந்துவிடும். இந்தச் சின்னச் சோதனைக்கு எத்தனை ஊர்களில் வசதி இருக்கிறது சொல்லுங்கள். டெல்டாவில் எந்தச் சின்னக் கடைத்தெருவிலும் மெடிக்கல் இருக்கிறது. மைக்ராஸ்கோப்புக்கு மட்டும் ஜில்லாத் தலைநகரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். 2018-லேயே மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. கடையில் யார் சீட்டுக் கேட்கிறார்கள்? சந்தையில் லேபிள் இல்லாத டப்பாவில் விற்கும் 'மூலிகைக் களிம்பு' மூன்றே நாளில் அதிசயம் செய்தால் அதிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். அரிப்புக்கு ஊசி போடுகிறேன் என்பவரிடம் அது என்ன ஊசி என்று கேளுங்கள். பெயரைச் சொல்லவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாகக் கால் கனப்பது. இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் அப்படி விட மாட்டேன். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறாமல் தேங்கினாலும் கணுக்காலைச் சுற்றிக் கரப்பான் வரும். அது பெரும்பாலும் கணுக்காலின் உள்பக்கம்தான் ஆரம்பிக்கும். உங்களுக்கு வெளிப்பக்கம், அதனால் என் சந்தேகம் குறைவு. இருந்தாலும் பார்த்துவிடுவோம். சாயங்காலம் கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலை அழுத்திப் பத்து எண்ணுங்கள். எடுத்ததும் குழி நின்றால் நீர் கோத்திருக்கிறது. எழுந்து நின்று கெண்டைக்காலைப் பாருங்கள், நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருக்கிறதா? இருந்தால், களிம்பு பாதி வைத்தியம்தான். நாளெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு ராத்திரி எந்த டியூபைப் போட்டாலும் அது திரும்பி வரும், நீங்களும் மருந்து வேலை செய்யவில்லை என்று டியூப் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். கடைசியில் அந்த இடம் புண்ணாகும். அந்தப் புண் லேசில் ஆறாது. தினமும் கொஞ்ச நேரம் படுத்துக் காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். இறுக்கமான காலுறை போட வேண்டிவரலாம். ஆனால் பாதத்தில் நாடித் துடிப்பு நன்றாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகுதான், அதுவும் சர்க்கரை இருந்தால் கண்டிப்பாக. கும்பகோணம் பக்கத்தில் கால் வீங்கினாலே யானைக்காலோ என்று பயந்து மறைப்பார்கள். மறைக்காதீர்கள், காட்டுங்கள்.

நீர் வடிவது, மஞ்சள் பொருக்கு, வலி, காய்ச்சல் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே போங்கள். இல்லையென்றால் இரண்டு வாரம் முடிந்ததும், வீட்டில் இருக்கும் எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள். காலி டியூபையும் சேர்த்துத்தான். எதை எவ்வளவு போட்டீர்கள் என்று அவர் பார்க்கட்டும். கத்தரிக்காய், கருவாடு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அவற்றால் இது வரவில்லை, சாப்பிடுங்கள்.