காலி மனையைப் பற்றி நான் கொடுத்த புகார்

"தெருவிளக்கு, குப்பை, பக்கத்து மனையில் தேங்கும் தண்ணீர் என்று மாநகராட்சிக்குப் புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா, இல்லை நேரம்தான் வீணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும். முதல் புகாரில் நடக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். நீங்களும் ஓரிரு முறை போன் செய்து, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்ற எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்து நொந்துபோய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது வந்தது.

எங்கள் வீட்டை ஒட்டிக் கிழக்கே ஒரு காலி மனை. வாங்கிப் போட்டவர் ஊரிலேயே இல்லை. தெருவைவிட இரண்டடி பள்ளம், மழை பெய்தால் வாரக்கணக்கில் வற்றாது, சீமைக் கருவேலம் மதில் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. ஐப்பசி மழையில் என் மகளுக்கு டெங்கு வந்தது. தட்டணுக்கள் 40 ஆயிரத்துக்கு இறங்கி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீடு திரும்பிய அன்று சாயங்காலம் டார்ச் எடுத்துக்கொண்டு அந்த மனைக்குள் போனேன். ஒரு இளநீர்க் கூட்டில் கண்ணாடி மாதிரி மழைத் தண்ணீர். அதில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன, என் கை நிழல் பட்டதும் எல்லாம் சடாரென்று அடியில் இறங்கின. டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, இப்படிச் சுத்தமான தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

போனில் புகார் கொடுத்தேன். மூன்றாம் நாள், "தனியார் இடம், நாங்கள் உள்ளே போக முடியாது" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அப்படிக் கைகழுவ முடியாது. கொசு உற்பத்தியாகும்படி தண்ணீர் தேங்கினால் இடத்துக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க 1939ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இதைச் சொன்னதும், உரிமையாளர் யாரென்று தெரியாதே என்றார்கள். சரி என்று என் கிரயப் பத்திரத்தை எடுத்து செக்குபந்தியை, அதாவது நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்ற எல்லை விவரத்தைப் பார்த்தேன், கிழக்கே உள்ள மனையின் எண் அதில் இருந்தது. சர்வே எண்ணும் கையில் இருந்ததால், பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே வில்லங்கம் (அந்த மனைக்குப் பதிவான பத்திரங்களின் விவரம்) பார்த்து உரிமையாளர் பெயரை எடுத்துவிட்டேன். அதையும் நான்கு போட்டோக்களையும் வைத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். அதற்கப்புறம்தான் சுகாதார ஆய்வாளர் நேரில் வந்தார், நோட்டீஸ் போனது, ஒருநாள் காலையில் ஜே.சி.பி. வந்து நின்றது. மொத்தம் இரண்டு மாதம்.

அதிகாரிகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வந்த ஆய்வாளர் மிக மரியாதையாகப் பேசினார், அவருக்கு இருக்கும் வேலைச் சுமையும் தெரிகிறது. இதில் கட்சி அரசியலைத் தேடிக்கொண்டும் யாரும் வர வேண்டாம். "எல்லாருக்கும் இப்படி அலைய நேரம் இருக்கிறதா?" என்று கேட்பவர்களுக்கு, எனக்கும் இல்லை, இரண்டு நாள் சம்பளம் போனது.

என்னால் பொறுக்க முடியாதது வேறு. அந்த மனையில் குப்பைப் பையை வீசியவர்களில் பாதிப்பேர் எங்கள் தெருக்காரர்கள்தான். ஜே.சி.பி. வழித்துப் போட்டதை அள்ள வந்த தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் கையில் உறைகூட இல்லாமல் உடைந்த பாட்டில்களைப் பொறுக்கினார். பால்கனியில் நின்ற ஒருவர், "நன்றாகப் பெருக்கும்மா" என்று அதட்டுகிறார். முந்தின வாரம் அவர் வீட்டுப் பையை நானே அங்கே பார்த்திருக்கிறேன். மனுவில் கையெழுத்துக் கேட்டபோது வாசலோடு திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எது யாருடையது என்று முதலில் பாருங்கள். நீங்கள் சென்னை என்றால் குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் எல்லாம் மாநகராட்சி, 1913. கழிவுநீர் பொங்கினால் அது குடிநீர் வாரியம், மாநகராட்சியிடம் சொல்லிப் பயனில்லை. விளக்கென்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் கொடுங்கள். பொய்யாக முடித்துவைத்தால் அன்றைய தேதியில் எடுத்த போட்டோவோடு மறுபடி பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், "என் புகார்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

அந்த மனையில் இப்போது மறுபடி கருவேலங் கன்று முளைத்திருக்கிறது. பழைய மனுவின் நகலும் ரசீதும் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன.