பொண்ணு ரோடு விபத்து டேட்டாவுல ரிசர்ச் பண்ணப் போறாளாம், வேலை கிடைக்குமா?

அம்மா, பொண்ணு சிவில் முடிச்சுட்டு, ஊருக்கு வெளிய போற ரோட்டுல நடந்து போறவங்க மேல வண்டி மோதுறத வச்சு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாடல் போடப் போறேன்னு சொன்னதும் நீங்க பதறிட்டீங்கன்னு புரியுது. ஆனா உலக சுகாதார நிறுவனம் 2023ல விட்ட ரிப்போர்ட் படி வருஷத்துக்கு கிட்டத்தட்ட 11.9 லட்சம் பேர் ரோட்டுல சாகுறாங்க, அதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல நடந்து போறவங்க. அதனால வேலைக்கு ஆள் தேவைதான். ஹைவே டிபார்ட்மென்ட், கன்சல்டன்சி, ரிசர்ச்னு வழி இருக்கு, இதே கணக்கு இன்சூரன்ஸ்லயும் ஓடுது. ஆரம்பத்துலயே சாஃப்ட்வேர் கம்பெனி சம்பளம் மட்டும் எதிர்பார்க்காதீங்க.

இனி பொண்ணுகிட்ட பேசுறேன்.

பாப்பா, மாடல் கத்துக்கறது ஈஸி, ஆர் சாஃப்ட்வேர்ல ரெண்டு வரி கோடு. எண்ணிக்கை டேட்டான்னா எல்லாரும் முதல்ல பாய்சான்ங்கற மாடல் போடுவாங்க, அது சராசரியும் வேரியன்ஸும் (எண்ணிக்கை எவ்வளவு சிதறியிருக்குங்கற அளவு) ஒண்ணுன்னு எடுத்துக்கும், விபத்து டேட்டால வேரியன்ஸ் பெரும்பாலும் அதிகமா வரும், அதனாலதான் அந்த அதிக வேரியன்ஸுக்கு இடம் குடுக்குற நெகட்டிவ் பைனாமியல் மாடலுக்குப் போறாங்க. நிஜமான தலைவலி வேற. இந்த மாதிரி ரோட்டுல ஒரு கிலோமீட்டர் துண்ட எடுத்தா அஞ்சு வருஷமும் சைபர்னு இருக்கும். ரோடு நல்லா இருக்கறதால சைபரா, இல்ல அங்க யாருமே நடக்காததால சைபரா? வண்டி எத்தன போகுதுன்னு கணக்கு கிடைச்சிரும், எத்தன பேர் நடக்குறாங்கன்னு பெரும்பாலும் யாரும் எண்ணி வச்சிருக்க மாட்டாங்க. சைபர் நிறைய இருக்குன்னு உடனே சைபருக்குன்னு தனி பங்கு ஒதுக்குற ஜீரோ இன்ஃப்ளேட்டட் மாடலுக்குத் தாவாத, அது சில துண்டுல விபத்து நடக்க வாய்ப்பே இல்லன்னு சொல்ற மாதிரி ஆயிரும், ரோடுன்னு இருந்தா அப்படி சொல்ல முடியுமா? இன்டர்வியூல நான் இதத்தான் கேப்பேன்.

இன்னொண்ணு, ஒரே வருஷம் விபத்து எகிறுன இடத்துல லைட் போட்டு அடுத்த வருஷம் குறைஞ்சா எல்லாம் லைட்டாலன்னு எழுதிராத, எகிறுன எண்ணிக்கை தானா சராசரி பக்கம் திரும்பும், எதுவும் செய்யலன்னாலும் பெரும்பாலும் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அதுக்குத்தான் அந்த இடத்தோட கணக்கையும் அதே மாதிரி மத்த ரோடுகளோட சராசரியையும் சேத்துப் பாக்குற எம்பிரிகல் பேய்ஸ் முறை இருக்கு. எத்தன விபத்து, எவ்வளவு மோசமான காயம், ரெண்டுக்கும் தனித்தனி மாடல். இருட்டும் வேகமும் சேர்ற இடத்துல மோதல் கம்மியா இருந்தாலும் உயிர் போறது அதிகம்.

சேர்றதுக்கு முன்னாடி கைடுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு: நடக்கறவங்க எண்ணிக்கை டேட்டா இருக்கா, இல்லன்னா ரோட்டுல நின்னு எண்ண ஆளும் காசும் குடுப்பீங்களா? மழுப்புனா வேற டாபிக் பாரு.