கர்ணனின் தோலும் கும்பகருணனின் மூக்கும்

அன்புள்ள ஐயா,

கர்ணனைப் பற்றி நீங்கள் பேசிய உரையின் காணொளியைப் பார்த்தேன். ‘கர்ணன் கொடுத்ததில் அவனுக்கும் ஒரு கணக்கு இருந்தது’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டீர்கள். எனக்கு அது நெருடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். கர்ண மோட்சம் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். கருமாதிக்குக்கூட அந்தக் கூத்தை வைப்பார்கள். விடிகிற நேரத்தில் கர்ணன் சாய்ந்து கிடந்து புண்ணியத்தைத் தாரை வார்க்கும்போது எங்கள் அத்தைமார்கள் தேம்பித் தேம்பி அழுவார்கள். அவனும் சுயநலக்காரன்தான் என்றால் பிறகு யார்தான் மிச்சம்? ‘தமக்கென முயலா நோன்தாள் பிறர்க்கென முயலுநர் உண்மையானே’ என்று புறநானூறு யாரைச் சொல்கிறது?

இன்னொன்று. கும்பகருணன் அண்ணனுக்காகச் செத்தான். வீடணன் தப்பித்துப் போய் அரசனானான். உங்கள் கணக்கில் இவர்கள் யார்?

கடைசியாக ஒரு சொந்தக் கேள்வி. நான் கதை எழுதிப் பார்க்கிறேன். கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பிகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு அக்காவைப் பற்றி எழுதினேன். படித்த நண்பர்கள் ‘மரப்பாச்சி மாதிரி இருக்கிறாள்’ என்கிறார்கள். அதே கதையில் வரும் குடிகாரத் தம்பி மட்டும் உயிரோடு இருக்கிறானாம். தன்னலம் இல்லாதவர்களை எழுதவே முடியாதா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் அத்தைமார்கள் அழுதது, பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூராரின் கர்ணனுக்காக. பதினேழாம் நாள் களத்தில் கிடப்பவனிடம் கண்ணன் கிழ வேதியனாக வந்து யாசிக்க, அவன் தன் புண்ணியம் முழுவதையும் கொடுக்கிறான். வரம் கேள் என்றால், இன்னும் பிறவி உண்டென்றால் ‘இல்லை என்று இரப்போர்க்கு இல்லை என்று உரையா இதயம் நீ அளித்தருள்’ என்கிறான். எத்தனை முறை படித்தாலும் தொண்டையை அடைக்கும் இடம். வியாசரிடம் இது கிடையாது. அங்கே தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்து, கொஞ்சம் பொறு என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அருச்சுனனின் அம்பு தலையைக் கொய்துவிடுகிறது. தானம் கேட்க யாருக்கும் நேரமில்லை.

நான் பேசியது வியாசரின் கர்ணனைப் பற்றி. வனபருவத்தில், இந்திரன் வருவதற்கு முன்பே சூரியன் கனவில் வந்து எச்சரிக்கிறான்: கவச குண்டலத்தைக் கொடுத்தால் செத்துப்போவாய். உயிரைவிடப் புகழே எனக்கு முக்கியம் என்கிறான் கர்ணன். அதற்குச் சூரியன் சொல்லும் பதில் ஒரு தகப்பன் சொல்லக்கூடியது: செத்துச் சாம்பலானவனுக்குப் புகழால் என்ன பயன், அது பிணத்துக்குப் போடும் மாலை. மகன் மசியவில்லை. சரி, கொடுப்பதென்றால் பதிலுக்கு இந்திரனுடைய சக்தி ஆயுதத்தைக் கேட்டு வாங்கிக்கொள் என்கிறான் தகப்பன். கர்ணன் அப்படியே கேட்டு வாங்குகிறான். இதைத்தான் கணக்கு என்றேன்.

ஆனால் அந்தக் காட்சியில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஆயுதப் பேரம் இல்லை. உடம்போடு ஒட்டிப் பிறந்த கவசத்தை அறுத்தெடுக்கப் போகிறான். அப்போது இந்திரனிடம் இன்னொன்றும் கேட்கிறான்: அறுத்த பிறகு என் உடம்பு விகாரமாகத் தெரியக் கூடாது. இந்திரன் சம்மதிக்கிறான். பிறகு கத்தியை எடுத்துத் தன்னைத் தானே அறுத்துக்கொள்கிறான், முகம் சுளிக்காமல். உயிரே போகும் என்று தெரிந்து கொடுப்பவனுக்குத் தோல் எப்படித் தெரியும் என்ற கவலை! முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அந்த ஒரு வரிக்காகத்தான் அந்தப் பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். தேரோட்டி வீட்டில் வளர்ந்து, அரங்கில் எல்லோர் முன்னாலும் குலம் கேட்கப்பட்டுத் தலைகுனிந்து நின்றவன் அவன். பார்க்கிறவர்கள் கண்ணில் தான் எப்படி இருக்கிறோம் என்பதை அவனால் ஒரு நாளும் விட முடியாது. கொடை அவனுக்கு அந்தக் கண்களுக்குச் சொல்லும் பதில். அதனால் கொடை சிறுத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அத்தனை பெரிய கொடைக்கு வேர் எங்கே இருக்கிறது என்று சொன்னேன்.

நீங்கள் காட்டிய புறநானூற்றுப் பாட்டு (182) கடைசி வரி மட்டுமே மேற்கோளாகிப் பழகிவிட்ட ஒன்று. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி அதே ஆட்களைப் பற்றிச் சற்று மேலே இப்படிச் சொல்கிறார்: ‘புகழெனின் உயிருங் கொடுக்குவர், பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்’. புகழுக்காக உயிரைக் கொடுப்பவரும் தமக்கென முயலாதவரும் அவருக்கு ஒரே ஆள்தான். அவருக்கு அதில் முரண் ஏதும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து நீதி வகுப்பில் நாம்தான் இரண்டையும் வெட்டித் தனித்தனியாக வைத்துக்கொண்டோம்.

கும்பகருணனுக்கு வருகிறேன். கம்பனில் எனக்கு மிக நெருக்கமான பாத்திரம், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

அவனை எழுப்பிப் போருக்கு அலங்கரித்து நிறுத்தியதும் அவன் கேட்கும் கேள்வி சீதையைப் பற்றியது: ‘சானகி துயர் இனம் தவிர்ந்ததில்லையோ’. அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். இராவணன் ஏசுகிறான். சரி, போகிறேன் என்று கிளம்பும்போது ‘வென்று இவண் வருவென் என்று உரைக்கிலேன்’ என்று சொல்லிவிட்டே போகிறான். களத்தில் வீடணன் வந்து இராமன் பக்கம் கூப்பிடும்போது, நீர்மேல் கோலம் போன்ற வாழ்வுக்கு ஆசைப்பட்டு, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு ‘உயிர்கொடாது அங்குப் போகேன்’ என்கிறான். இதுவரை நீங்கள் சொல்லும் தியாகிதான்.

ஆனால் அதே சந்திப்பின் தொடக்கத்தைப் பாருங்கள். காலில் விழுந்த தம்பியை அள்ளி அணைத்து, கண்ணீர் மழையாகக் கொட்ட, ‘உய்ந்தனை ஒருவன் போனாய் என மனம் உவக்கின்றேன்’ என்கிறான். நீ ஒருத்தனாவது பிழைத்துப் போனாயே என்று சந்தோஷப்பட்டேனே, ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்கிறான். ஊரெல்லாம் வீடணனைச் சுயநலக்காரன் என்கிறது. கூடப் பிறந்தவன் அந்தப் பிழைப்பைக் கொண்டாடுகிறான்! ஏன் என்பதையும் மறைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அம்பு மழையில் செத்துப் பாழானால் ‘கையினால் எள் நீர் நல்கிக் கடன் கழிப்பாரைக் காட்டாய்’. தனக்கும் அண்ணனுக்கும் எள்ளும் நீரும் இறைக்க ஒரு ஆள் வேண்டும். பாசம், குலக்கவலை, தன் பரலோகத்துக்கான ஏற்பாடு மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. அவற்றைப் பிரித்துத் தர எனக்குத் தெரியவில்லை. கம்பனும் பிரிக்கவில்லை.

சாகப்போகிற நேரத்தில் இராமனிடம் அவன் கேட்பவை இரண்டு. முதலாவது தம்பிக்காக. ‘சாதியால் வந்த சிறுநெறி அறியான் என் தம்பி’ என்று சொல்லி, இராவணன் கண்ணில் பட்டால் கொன்றுவிடுவான், பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள் என்கிறான். இரத்த உறவுக்காகச் சாகிறவன் இரத்த உறவைச் ‘சிறுநெறி’ என்கிறான், கவனியுங்கள். இரண்டாவது தனக்காக. சுக்கிரீவனோடு நடந்த சண்டையில் மூக்கும் காதும் போய்விட்டன. ‘மூக்கிலா முகம்’ என்று முனிவரும் தேவரும் பார்ப்பார்கள், பார்க்காதபடி என் கழுத்தை அறுத்துத் தலையைக் கடலில் போட்டுவிடு.

கர்ணனின் தோலையும் இந்த மூக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத இரண்டு பேர். இரண்டு பேரும் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருப்பது பிறர் பார்வையில் தங்கள் உருவத்தை. வியாசரோ கம்பனோ அதை எடுத்துவிட்டிருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது உங்கள் நண்பர்கள் சொன்ன மரப்பாச்சி.

வீடணனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவன் அறத்துக்காக வந்தான், இலங்கையும் கிடைத்தது. அரசு கிடைத்ததாலேயே அறத்தைச் சந்தேகிப்பது நம் திண்ணைப் பழக்கம். அவனிடம் எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை என்பது வேறு விஷயம்.

தியாகக் கதைகளில் இன்னொரு கண்ணும் உண்டு. செலவு யார் தலையில் விழுந்ததோ அவருடைய கண். பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் அடியாருக்காகப் பிள்ளைக்கறி சமைக்கிறார். தாய் குழந்தையின் கிண்கிணி கட்டிய கால்களை மடியில் இடுக்கி, கைகளைப் பிடித்துக்கொள்கிறாள். அப்பாவும் அம்மாவும் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக் குழந்தை சிரிக்கிறது. பிறகுதான் தகப்பன் குழந்தையின் கழுத்தை அறுக்கிறார். சேக்கிழாருக்கு அந்தப் பக்தியில் துளி சந்தேகம் கிடையாது. ஆனாலும் அந்தச் சிரிப்பை எழுதினார். கதையின் முடிவில் அந்தக் குழந்தை சீராளன் உயிரோடு ஓடி வந்துவிடுகிறான் என்பது எனக்கு இன்றுவரை முழு ஆறுதலாக இருந்ததில்லை.

உங்கள் கதை. தன்னலம் இல்லாதவர்களை எழுதலாம். ஆனால் கதையின் நடுவில் உட்காரவைத்து மனசுக்குள் புகுந்து எழுதினால் பெரும்பாலும் கெட்டுப்போகும். தான் எப்படித் தெரிகிறோம் என்ற நினைப்பே இல்லாத ஒருத்தியின் மனசுக்குள் போனால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? நாளைக்கு மாவு அரைக்க வேண்டும், சின்னவனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்பது மட்டும். நீங்கள் ஏமாந்துபோய் அங்கே கொண்டுபோய் உன்னத எண்ணங்களை நட்டிருப்பீர்கள்.

தல்ஸ்தோய் இதை எப்படிச் சமாளித்தார் என்று ‘ஃபாதர் செர்கியஸ்’ கதையில் பாருங்கள். ராணுவ அதிகாரியாக இருந்து துறவியானவர், சபலத்தை வெல்லத் தன் விரலையே வெட்டிக்கொண்டவர், கடைசியில் விழுந்து, மடத்தைவிட்டு ஓடி, பாஷென்கா என்ற பெண்ணைத் தேடிப் போகிறார். சின்ன வயதில் பையன்கள் எல்லாம் சேர்ந்து அவளைத் தரையில் நீச்சலடிக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இப்போது அவள் கிழவி. இசை சொல்லிக்கொடுத்து, உதவாக்கரை மருமகனையும் பேரக்குழந்தைகளையும் காப்பாற்றுகிறாள். அவர் போய்ச் சேரும்போது ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், தன்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லத் தெரியாமல் குறைகளாக அடுக்குகிறாள். கோயிலுக்குப் போவதுகூடக் குறைவு, கந்தல் உடுப்போடு மகளுடன் போக வெட்கம், சோம்பலும் உண்டு என்கிறாள். கடவுளுக்காக என்று சொல்லிக்கொண்டு மனிதர்களுக்காக வாழ்ந்தவன் நான், மனிதர்களுக்காக என்று நினைத்துக்கொண்டு கடவுளுக்காக வாழ்பவள் இவள் என்று அவருக்குத்தான் புரிகிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் வருவது கதையின் கடைசிப் பக்கங்களில் மட்டும். முழுக்கதையும் அந்தத் தற்பெருமைக்காரத் துறவியினுடையது.

ஆகவே முதலில் உங்கள் அக்கா எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். கர்ணன் வகை என்றால் அவள் எதை விடமாட்டாள் என்று தேடுங்கள். தம்பி பெண்டாட்டி வந்த பிறகு அரிசி அளக்கும் படியை அவள் கையில் கொடுத்தாளா? ‘நான் இல்லாவிட்டால் இந்த வீடு என்ன ஆகியிருக்கும்’ என்று யாரிடமாவது சொன்னாளா? பாஷென்கா வகை என்றால் கதையைக் குடிகாரத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். அவன்தான் ஏற்கனவே உயிரோடு இருக்கிறானே. அக்கா போட்ட சோற்றைத் தின்றுவிட்டு அவள் மேலேயே எரிச்சல்படுகிறவன் பார்வையில் அவள் வரட்டும், இரண்டு மூன்று இடங்களில் மட்டும். நிலம் பாகம் பிரிக்கிற நாள் அதற்கு நல்ல இடம். பத்திரத்தில் அவளிடம் கைநாட்டா கையெழுத்தா என்று கேட்கும்போது அவன் எங்கே நிற்கிறான்?

திருத்தி எழுதினால் அனுப்புங்கள். ஒன்றிரண்டு வாரம் தாமதமானாலும் படித்துவிட்டு எழுதுகிறேன்.