வீட்டில் பாடம், வகுப்பில் வீட்டுப்பாடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இனிப் பாடங்களைக் காணொளியாக வீட்டிலேயே பார்த்துவிட்டு வர வேண்டும், கணக்குகளை வகுப்பில் செய்துகொள்ளலாம் என்று பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. இதற்கு ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’ என்று பெயராம். ஆசிரியரின் வேலையைப் பெற்றோர் தலையில் கட்டும் ஏற்பாடாகவே எனக்குப் படுகிறது.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமா என்பது, வீட்டில் உங்கள் மகன் என்ன பார்க்கிறான் என்பதை விட, வகுப்பில் அவன் என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்தது. இந்த முறையைப் பள்ளிகளில் பரவச் செய்தவர்கள், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வுட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்த ஜோனதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் ஆகிய இருவர். விளையாட்டுப் போட்டிகளுக்காக நெடுந்தூரம் செல்லும் மாணவர்கள் அடிக்கடி வகுப்பைத் தவறவிட்டதால், 2007-ஆம் ஆண்டில் அவர்கள் தங்கள் பாடங்களைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். மாணவனுக்கு ஆசிரியர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டிய நேரம், பாடத்தைக் கேட்கும் நேரமன்று, கணக்கில் சிக்கிக்கொண்டு விழிக்கும் நேரமே என்பது அதன் பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. வழக்கமான ஏற்பாட்டிலோ, பாடம் கேட்கும்போது ஆசிரியர் எதிரே நிற்கிறார்; இரவு ஒன்பது மணிக்கு மோல் கணக்கில் மூன்றாவது வரியில் மாணவன் மாட்டிக்கொள்ளும்போது அவர் இருப்பதில்லை. அந்த இடத்தை நம் ஊரில் டியூஷன் நிரப்புகிறது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

ஆகவே, “இன்று வகுப்பில் நீ கணக்குப் போடும்போது ஆசிரியர் உன் நோட்டைப் பார்த்தாரா?” என்று மகனிடம் சில நாட்கள் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். பார்த்தார் என்றால் பள்ளி சொன்னதைச் செய்கிறது. காணொளியை மட்டும் அனுப்பிவிட்டு, வகுப்பிலும் பழையபடி கரும்பலகைப் பாடமே நடந்தால், பையனுக்கு ஒரே பாடம் இரண்டு முறை நடக்கிறது, அவ்வளவுதான். அப்போது நீங்கள் தாராளமாகக் கோபப்படலாம்.

கேள்வி: பொறியியல் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் எடுக்கிறேன். விரிவுரையை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், வகுப்பில் ஐம்பது நிமிடங்களை எப்படி நிரப்புவது?
– ஓர் உதவிப் பேராசிரியர், திருச்சி

பதில்: உங்கள் துறைக்காரர் ஒருவரே இதற்கு வழி காட்டியிருக்கிறார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மசூர், 1990-களின் தொடக்கத்திலேயே, காணொளி எதுவும் இல்லாமல், பாடநூலைப் படித்துவிட்டு வரச் சொல்லி இதைச் செய்தவர். நல்லாசிரியர் என்று மாணவர்களிடம் பெயர் வாங்கியிருந்த அவர், விசை பற்றிய எளிய அடிப்படைக் கேள்விகள் அடங்கிய தேர்வு ஒன்றை வைத்தபோது, “நீங்கள் கற்பித்தபடி பதில் எழுத வேண்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுத வேண்டுமா?” என்று மாணவர் ஒருவர் கேட்டாராம். விதியை ஒப்பிக்கத் தெரிந்தவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை என்பதை அந்த ஒரு கேள்வி காட்டிவிட்டது.

அவர் வகுத்த முறை இது. கனமான லாரியும் சிறிய காரும் மோதுகின்றன. எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது என்று கேளுங்கள். ஓரிரு நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து, அ, ஆ, இ என்று எழுதிய அட்டையை உயர்த்தட்டும். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தவர்களிலும் பலர் லாரியைத்தான் சொல்வார்கள். சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், நீங்கள் விளக்காதீர்கள். வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு பேச விடுங்கள். “கார்தானே நசுங்குகிறது?” என்று ஒருவர் கேட்பார்; “விசை இரண்டுக்கும் ஒன்றுதான், காருக்கு நிறை குறைவு, அதனால் முடுக்கம் அதிகம்” என்று மற்றவர் சொல்வார். பிறகு மறுபடியும் அட்டையை உயர்த்தச் சொல்லிவிட்டு, நீங்கள் சுருக்கமாக விளக்கலாம். சரியானவர்கள் 30 விழுக்காட்டுக்கும் குறைவு என்றால் கருத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியதுதான். இப்படி மூன்று நான்கு கேள்விகளிலேயே வகுப்பு முடிந்துவிடும். நேரத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டீர்கள். பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது என்ற கவலைதான் உங்களுக்கு வரும்.

கேள்வி: நாற்பது நிமிடக் காணொளிகளை நானே எடுத்து அனுப்புகிறேன். பாதிப் பேர் பார்க்காமல் வருகிறார்கள். சிலர் வீட்டில் ஒரே கைபேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது.
– அரசுப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம்

பதில்: முதலில் நாற்பது நிமிடத்தைக் கைவிடுங்கள். எட்எக்ஸ் இணைய வகுப்புகளில் காணொளி பார்க்கப்பட்ட விதத்தை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமானாலும், பார்ப்போர் அதில் நிலைக்கும் நேரத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் அதற்கு மேலே) ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது. அவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒரு காணொளிக்கு ஒரு கருத்து போதும்.

கைபேசி இல்லாத பிள்ளைக்குக் காணொளியே வேண்டாம். பாடநூலில் இரண்டு பக்கமும், அதையொட்டி எழுதிவர ஒரு கேள்வியும் கொடுங்கள். கொலராடோ ஆசிரியர்களும் இணையம் இல்லாத வீடுகளுக்குக் குறுவட்டிலும் பென் டிரைவிலும் பாடத்தைக் கொடுத்தனுப்பியவர்கள்தாம். பார்த்ததற்கு அடையாளமாகக் குறிப்பு எழுதி வரவும், அதிலிருந்து ஒரு கேள்வியாவது ஆசிரியரிடம் கேட்கவும் அவர்கள் மாணவர்களைப் பழக்கினார்கள். பார்க்காமல் வந்தவர்களுக்காக அந்தப் பாடத்தை வகுப்பு முழுமைக்கும் திரும்ப நடத்துவதை மட்டும் செய்யாதீர்கள். அப்படி நடத்தினால், பார்த்துவிட்டு வந்த பிள்ளையும் அடுத்த வாரம் பார்க்காமல் வரும். பார்க்காமல் வந்தவர்கள் வகுப்பின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து முதலில் படித்து முடிக்கட்டும்.

கேள்வி: மதிப்பெண் கூடும் என்பதற்கு ஆதாரம் உண்டா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: உண்டு, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை 2014-இல் தொகுத்துப் பார்த்தபோது, மாணவர்கள் தாமே ஈடுபட்டுச் செய்யும் வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 22 விழுக்காடாகவும், வெறும் விரிவுரை வகுப்புகளில் சுமார் 34 விழுக்காடாகவும் இருந்தது. அந்தப் பலன் மாணவரின் ஈடுபாட்டால் வந்தது. பாடத்தை வீட்டுக்கு அனுப்பியதால் வந்ததாகக் கொள்ள முடியாது.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்விக்கழகத்தில், சில வகுப்புகளுக்கு ஃபிளிப்டு முறை, மற்றவற்றுக்கு வழக்கமான முறை என்று குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி, 2021-இல் வெளியான சோதனை இன்னும் கறாரானது. கணிதத்தில் குறுகிய காலத்துக்கு முன்னேற்றம் தெரிந்தது. பொருளியலில் ஒன்றும் தெரியவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களே அதிகம் பயனடைந்ததால், அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான இடைவெளி விரிந்தது. முன்கூட்டியே படித்துவந்து கரும்பலகையில் எழுதிக்காட்டும் பழக்கத்தை, 1817-இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற சில்வேனஸ் தேயர் காலத்திலிருந்து போற்றிவரும் இடம் அது என்பது கவனிக்கத் தக்கது. அங்கேயே பின்தங்கியவர்கள் பின்தங்கினார்கள் என்றால், நம் வகுப்புகளில் ஆசிரியர் முதலில் போய் நிற்க வேண்டியது எந்த மாணவரின் மேசை என்பது விளங்கும்.

கேள்வி: இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்யலாமா?
– ஒரு தலைமையாசிரியர், தென்காசி

பதில்: வேண்டாம். தானாக வாசிக்கத் தொடங்காத பிள்ளையிடம் திரையைக் கொடுத்தால், பாடம் நடத்துவது அம்மாவின் வேலையாகிவிடும். கோயம்புத்தூர் வாசகியின் புகார் அங்கே முழுக்கவே உண்மையாகும்.