வெயில் ஏறினால் மைனஸ் காட்டும் தெர்மாமீட்டர்: சின்ன சிப்புகளுக்கான சி மொழி கேள்வி-பதில்

கேள்வி: ஆர்டுவினோ யூனோ போர்டில் எல்எம்35 வெப்பநிலை சென்சார் மாட்டியிருக்கிறேன். காலையில் ஒழுங்காகக் காட்டுகிறது. மதியம் திடீரென்று மைனஸ் 31 என்கிறது. சென்சார் போய்விட்டதா?

சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. ஏடிசி (சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) தரும் மதிப்பை 500-ஆல் பெருக்கி 1024-ஆல் வகுக்கிறீர்கள். சூத்திரம் சரி, இடம்தான் போதவில்லை. யூனோவில் உள்ள ஏடிமெகா328பி ஒரு 8-பிட் சிப். அதன் கம்பைலருக்கு 'இன்ட்' என்ற முழு எண் வகை 16 பிட். 32,767-க்கு மேல் கொள்ளாது. ஏடிசி 65 என்றால் பெருக்கல் 32,500. 66 ஆனதும் 33,000. எல்லை தாண்டி எதிர்மறைக்குப் புரண்டுவிடுகிறது. அந்த 66-தான் உங்கள் மதிய நேரத்து 32 டிகிரி.

விடையை 32 பிட் கொண்ட 'லாங்' வேரியபிளில் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அதற்குள் பெருக்கல் 16 பிட்டிலேயே நடந்து முடிந்திருக்கும். 500-ஐ ஒட்டி எல் எழுத்தைச் சேர்த்து 500L என்று எழுதிவிடுங்கள். கணக்கே 32 பிட்டில் நடக்கும். தசம எண்களுக்கான 'ஃப்ளோட்' பக்கம் போக வேண்டாம். இந்தச் சிப்பில் அதற்கென்று தனி வன்பொருள் கிடையாது. எல்லாம் நூலகக் குறியீடாக வந்து, நிரல் தங்கும் நினைவகமான ஃப்ளாஷை அடைக்கும்.

கேள்வி: இன்டரப்டில் (ஓடும் வேலையை இடைமறித்து ஓடும் குறியீட்டில்) மாற்றும் கவுன்டரை மெயின் லூப் கண்டுகொள்வதில்லை. கம்பைலர் குறியீட்டைச் சுருக்கி வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷனை நிறுத்தினால் வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். கவுன்டரை 'வோலடைல்' என்று அறிவியுங்கள்; ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கும். ஆனால் பாதி வேலைதான் முடிந்தது. 16-பிட் கவுன்டரை இந்தச் சிப் இரண்டு பைட்டாகப் படிக்கிறது. 255-இல் இருக்கும்போது கீழ் பைட்டை எடுத்ததும் இன்டரப்ட் வந்து 256 ஆக்கினால், உங்கள் கைக்கு வருவது 511! எப்போதோ ஒருமுறைதான் நடக்கும் என்பதால் மேசையில் வைத்துச் சோதிக்கும்போது சிக்காது. இன்டரப்டை நிறுத்தி, நகல் எடுத்து, மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு அந்த நகலைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: சீரியலில் செய்திகள் சேர்க்கச் சேர்க்க போர்டு தானாக ரீசெட் ஆகிறது.

ரேம் மொத்தமே 2 கேபி. மேற்கோளுக்குள் எழுதும் ஒவ்வொரு செய்தியும் தொடக்கத்திலேயே அங்கே நகலாகிவிடும். ஃபங்ஷன்கள் ஓடும்போது பயன்படுத்தும் ஸ்டாக்குக்கு இடம் இருக்காது. ஆர்டுவினோ என்றால் 'எஃப்' மேக்ரோவுக்குள் எழுதுங்கள். வெறும் சி என்றால் 'ப்ரோக்மெம்'. செய்தி 32 கேபி ஃப்ளாஷிலேயே தங்கும்.

கேள்வி: போர்டு தொடங்கியதிலிருந்து மில்லிசெகண்டுகளை எண்ணும் 'மில்லிஸ்' 49 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்புமாமே?

ஆமாம், 49 நாள் 17 மணி நேரத்தில். இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து, வரும் வித்தியாசத்தை இடைவெளியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் 'அன்சைன்ட் லாங்' ஆக இருந்தால் திரும்பினாலும் கணக்கு பிசகாது.