எந்தப் பரப்புக்கு எந்தப் பூச்சு?

கேள்வி: எனது தந்தையார் பாவித்த 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 காரைத் திருத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயல்கிறேன். தளத்தின் சில பகுதிகளும் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பகுதிகளும் வெட்டி மாற்றப்படுகின்றன. வீடு கடற்கரைக்கு அண்மையில் உள்ளதால் மீண்டும் கறள் பிடித்துவிடுமோ என்ற பயம் உண்டு. ரெட் ஒக்சைட் அடித்தால் போதும் என்கிறார் டிங்கரிங் வேலை செய்பவர். கறளைக் கறுப்பாக மாற்றும் திரவத்தைப் பூசுமாறு ஒருவர் கூறுகிறார். எபொக்சி பிரைமரைத் தவிர வேறெதையும் தொடவேண்டாம் என்கிறார் கொழும்பு நண்பர். எதை வாங்குவது?
(கல்லடி வாசகர்)

பதில்: எந்த டின்னை வாங்குவது என்பதற்கு முன்னர் தீர்க்கவேண்டிய விடயம் உப்பு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிற்கும் காரின் தகட்டில் படியும் உப்பு, கறளின் அடியில் உள்ள நுண்ணிய குழிகளுக்குள் தங்கிவிடும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். மட்டக்களப்பில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதன் அந்த அளவைக் கடந்துவிடுவதால், பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த தகடும் இரவில் மீண்டும் நனைகிறது. அந்த உப்பின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சை அடித்தாலும் அது அடியிலிருந்து கொப்புளமாக எழும்பும். நம் பகுதியில் மீண்டும் கறள் பிடித்த கார்கள் பலவற்றில் குறை டின்னில் இல்லை, அதற்கு முந்திய கழுவலில் இருக்கிறது என்பதே எமது கருத்து.

ஆகவே கறளைச் சுரண்டியோ மணல் வீச்சு முறையிலோ நீக்கிய பின்னர் தகட்டை நல்ல நீரால் பலமுறை கழுவி உடனே உலர்த்துங்கள். கல்லடிப் பகுதியில் சில கிணறுகளின் நீர் உவர்ப்பானது. அந்த நீரால் கழுவினால் நீக்கிய உப்பைத் திரும்பப் பூசியதாகிவிடும். குழாய் நீர் அல்லது சேமித்த மழைநீர் ஏற்றது. உப்பு போய்விட்டதா என்று அறிய விரும்பினால், பெற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்துத் தகட்டைத் துடைத்து, அந்த நீரில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் ஒரு துளி விட்டுப் பாருங்கள். பால்போல் வெண்மை தோன்றினால் குளோரைட்டு இன்னும் இருக்கிறது. விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் பழக்கமாக இருந்தால் இது கடினமான காரியமன்று. மணல் வீச்சுக்குக் கடற்கரை மணலைப் பயன்படுத்த எவரையும் அனுமதிக்க வேண்டாம். அதில் உப்பு உண்டு என்பது ஒரு காரணம். சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இனிப் பூச்சுக்கு வருவோம். புதிதாக ஒட்டப்பட்ட பளபளப்பான தகட்டிற்கு உங்கள் நண்பர் சொல்வதே சரி. இரு கூறுகளைக் கலந்து அடிக்கும் எபொக்சி பிரைமர் இறுக்கமாகப் பற்றி, நீரும் ஒட்சிசனும் தகட்டை அடைவதைப் பெருமளவு தடுக்கும். சாதாரண ரெட் ஒக்சைட்டின் சிவப்பு நிறமி இரும்பு ஒட்சைட்டு மட்டுமே. கறளை எதிர்க்கும் குணம் அதற்குத் தனியாக இல்லை, ஈரமும் அதனூடாக மெதுவாகக் கசிந்து இறங்கும். அடிக்கடி பூசக்கூடிய வீட்டுப் படலைக்கு அது போதும். கதவு, தளம் எல்லாம் பூட்டிய பின் எட்ட முடியாத இடங்கள் நிறைந்த காருக்குப் போதாது. எபொக்சியை மூடாமல் வெயிலில் விட்டால் மேற்பரப்பு சுண்ணாம்புத் தூள்போல் உதிரத் தொடங்கும். ஆகவே டின்னில் குறித்த நேரத்துக்குள் அடுத்த பூச்சை அடிக்க வேண்டும். அந்த நேரம் கடந்துவிட்டால் நீர்த்தாளால் உரசிய பின்னரே அடிக்க வேண்டும். பள்ளங்களை நிரப்பப் பட்டி வைக்கும் வேலையை எபொக்சிக்கு மேலேயே செய்யுமாறு சொல்லுங்கள், ஏனெனில் பொலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெறுந்தகட்டின் மேல் நேரடியாக வைத்தால் அந்த ஈரம் நேரே இரும்பைச் சேரும். அமிலம் கலந்த எட்ச் பிரைமரையும் எபொக்சியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடிப்பதை, தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதித்தாலன்றித் தவிர்க்கவும்.

தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஒட்டு விளிம்புகளில் நாகம் (சிங்க் உலோகம்) செறிந்த பிரைமர் நன்று. இரும்பு கெடுவதற்கு முன் நாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு அதைக் காக்கும். ஆனால் நாகத் துகள் இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் இது நடக்கும் என்பதால், கறளின் மேல் அதைப் பூசுவதில் பயனில்லை. நாகம் பூசிய இடத்தில் வெல்டிங் செய்யும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். காற்றோட்டமான இடத்தில் செய்யட்டும்.

கறளை மாற்றும் திரவத்துக்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் சிறிய இடம். அதிலுள்ள தனிக் அமிலமோ பொசுபோரிக் அமிலமோ மெல்லிய, இறுக்கமாக ஒட்டிய கறளை உறுதியான சேர்வையாக மாற்றும். செதிலாக உரியும் கறளில் மேற்படை மட்டும் கறுத்து, அடியில் வேலை தொடர்ந்து நடக்கும். கறளைச் சுரண்டும் கம்பித் தூரிகைக்கும் அகப்படாத குழிகளில் பூசுங்கள்; பொசுபோரிக் வகையானால் மிஞ்சிய அமிலத்தைக் கழுவி உலர்த்திய பின்னரே எபொக்சியை அடியுங்கள். மொரிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே பாரத்தைத் தாங்குகிறது. கதவடிப் பகுதிகளிலும், தளத்தின் குறுக்கு உறுப்பிலும், பின் ஸ்பிரிங் பூட்டும் இடங்களிலும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே தேவைப்படுவது புதுத் தகடு. எந்தத் திரவமும் அந்தப் பலத்தைத் திருப்பித் தராது.

கை நுழையாத உட்குழிகளுக்கு மெழுகு அல்லது லனோலின் (ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு) கலந்த தெளிப்பைப் பாவிக்க வேண்டும். நீண்ட குழாய் முனையால் செலுத்தினால் அது பொருத்துகளுக்குள் ஊர்ந்து சென்று, முழுமையாகக் காயாமல் மென்மையாகவே இருக்கும். வெல்டிங்கும் பெயின்ற் வேலையும் முற்றாக முடிந்த பின்னரே இதைச் செய்யுங்கள், ஏனெனில் மெழுகு தீப்பற்றும். மெழுகு பட்ட இடத்தில் பெயின்றும் ஒட்டாது. கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மெழுகு அடைத்துவிடாமல் கம்பியால் திறந்துவிடுங்கள். பணம் தட்டுப்பட்டால் மேல் பெயின்றில் குறையுங்கள், இதில் குறைக்க வேண்டாம். ஒவ்வோராண்டும் மாரி தொடங்குமுன் பார்த்து, தேவையான இடத்தில் திரும்பத் தெளிக்கலாம்.

பூசும் காலமும் முக்கியம். வாடைக்காற்று மழையோடு வீசும் மாதங்களில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். கச்சான் வீசும் காலமே உகந்தது, புழுதி படியாமல் ஒரு திரை கட்டிக்கொண்டால் சரி. காற்றின் ஈரப்பதன் 85 சதவீதத்துக்குக் குறைவாகவும், தகட்டின் வெப்பநிலை பனிபடுநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாகவும் இருக்க வேண்டும். நடைமுறையில், காலைப் பனி முற்றாகக் காய்ந்த பின் தொடங்கி மாலை நான்கு மணிக்குள் முடிப்பது பாதுகாப்பு. சுத்தம் செய்த தகட்டை ஓரிரவுகூட வெறுமனே விட வேண்டாம். காலையில் செம்மஞ்சள் படலம் காத்திருக்கும்.

கேள்வி: காருக்கு அடியில் தார் போன்ற ரப்பர் கோட் தடிப்பாக அடித்துக்கொண்டால் பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லைதானே?
(காத்தான்குடி வாசகர்)

பதில்: புதிதாக இருக்கும்வரை கவலை இல்லை. ஆண்டுகள் செல்ல அது இறுகி வெடிக்கும். வெடிப்பினூடாக நுழையும் உப்புநீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே நிற்கும். கெட்டது வெளியே தெரியாது என்பதுதான் இதன் பெரிய ஆபத்து. சில்லுகள் கல்லெறியும் வளைவுகளில் மட்டும், எபொக்சிக்கு மேலே, மெல்லிதாகவும் நெகிழ்வாகவும் உள்ள கோட்டை அடியுங்கள். மற்ற அடிப்பகுதிக்கு ஒளி ஊடுருவும் மெழுகு போதும். அடியில் படுத்துப் பார்த்தால் தகட்டின் நிலை தெரியும்.

கேள்வி: எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஒயிலை அடிப்பகுதியில் பூசுவது எங்கள் ஊரில் வழக்கம். செலவில்லாத இந்த முறை தவறா?
(அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: தவறுதான். பாவித்த ஒயிலில் எரிதலால் உண்டான அமிலங்கள் இருக்கும். ஸ்பிரிங் புஷ் முதலிய ரப்பர் பகுதிகள் ஊதிக் கெடும். தொடர்ந்து தோலில் படுவது புற்றுநோய் அபாயம் கொண்டது. முதல் பெருமழையில் அது கழுவப்பட்டு வளவு மண்ணிலும் கிணற்றிலும் சேரும். செலவு குறைவாக வேண்டுமென்றால் லனோலின் தெளிப்பை முக்கியமான பொருத்துகளுக்கு மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: இரு கூறுப் பெயின்றை வீட்டு முற்றத்தில், துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு அடிக்கலாமா?
(அம்பாறை வாசகர்)

பதில்: அடிக்கக் கூடாது. பல இரு கூறு மேல் பெயின்றுகளின் கடினமாக்கியிலும், ஈரத்தால் இறுகும் யூரதேன் கறள் பூச்சுகளிலும் ஐசோசயனேற்று என்ற இரசாயனம் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதற்கு எதிர்வினை காட்டத் தொடங்கிவிட்டால் மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலைத் தரும். துணியும் தூசு முகமூடியும் அதைத் தடுக்கமாட்டா. வெளியிலிருந்து சுத்தமான காற்றைச் செலுத்தும் முகமூடி உள்ள கராஜிடம் அந்த வேலையை ஒப்படையுங்கள். எபொக்சியைத் தூரிகையால் நீங்களே பூசலாம். அதற்குங்கூடக் கையுறை அவசியம். 1950களின் பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம் என்பதால், அதை உலர்ந்த நிலையில் உரசாமல் நீர் விட்டே உரசுங்கள். கழிவைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கொட்ட வேண்டாம்.